திருமலைப் பிள்ளைகளே, அவுஸ்திரேலிய வீசாவுக்கு முதல் உங்கள் சேவைக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்

"மேற்படி நபர் எமது நிறுவனத்தில் 2019 இலிருந்து கடமையாற்றி வருகிறார். நன்னடத்தை உடையவர். அவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்."

திருகோணமலையில் அநேகமான இடங்களில் எழுதிக் கொடுக்கும் சேவைக் கடிதம் இவ்வளவுதான். அவுஸ்திரேலிய வீசாவுக்கு இந்தக் கடிதம் எதற்கும் உதவாது. விதிகள் மாறிய பிறகு அனுபவத்தை நிரூபிக்கும் இந்தத் தாளின் பாரம் கூடியிருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என்ன மாறியது என்று பார்ப்போம். யாருடைய அனுசரணையும் இல்லாமல் புள்ளிகளை வைத்தே போகிற 189 வீசாவுக்கு 2023-24 இல் 30,375 இடங்கள் இருந்தன. 2024-25 இல் அது 16,900 ஆகக் குறைந்தது. அதே நேரம் முதலாளி அனுசரணையில் நிரந்தர வதிவிடம் பெறும் இடங்கள் 36,825 இலிருந்து 44,000 ஆகக் கூடின. அதாவது, அங்கே ஒரு முதலாளி "இவர் எனக்கு வேணும்" என்று சொன்னவருக்குத்தான் இப்போது முன்னுரிமை. 2024 டிசம்பர் 7 இல் முதலாளி அனுசரணையில் போகிற பழைய 482 தற்காலிக வீசாவையும் மாற்றினார்கள். முன்பு இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள், இப்போது முழுநேரமாக ஒரு வருடம் போதும். மாற்றிய வீசாவின் பிரதான பிரிவின் (Core Skills) பட்டியலில் 456 தொழில்கள் இருந்தன. 2025 ஜூலை 1 இலிருந்து அந்தப் பிரிவுக்கு வருடச் சம்பளம் குறைந்தது 76,515 டொலர் இருக்க வேண்டும் என்று வந்தது.

ஒரு வருடம்தானே என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு வருடத்தையும் தாளில் காட்ட வேண்டும்.

கடிதம் கம்பனியின் கடிதத்தலைப்பில் இருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த திகதி, விட்ட திகதி, பதவி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், இவை எல்லாம் வேண்டும். அன்றாடம் நீங்கள் செய்த வேலைகளை ஐந்தாறு வரியிலாவது எழுத வேண்டும். கையொப்பமிடுபவரின் பெயர், பதவி, தொலைபேசி இலக்கமும் வேண்டும். அந்த இலக்கத்துக்கு அழைத்தால் எடுக்க ஆள் இருக்க வேண்டும், எடுப்பவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். தொழில் பட்டியலில் இருக்கிற கடமைகளை அப்படியே பார்த்தெழுதினால் மதிப்பீட்டாளர் உடனே பிடித்துவிடுவார். சீனக்குடாவில் வெல்டிங் செய்தவர் எந்தத் தடிப்புத் தகட்டில், எந்த முறையில் ஒட்டினார் என்று எழுதினால்தான் அது அவருடைய கடிதம். பொய்க் கடிதம் கொடுத்துப் பிடிபட்டால் வீசா மறுக்கப்படுவதோடு நிற்காது. மூன்று வருடத்துக்குத் தடையும் வரலாம்.

கடிதத்துக்குப் பக்கபலம் சம்பளச் சிட்டை, வங்கிக் கூற்று, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு. இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுத்து, சேமலாப நிதி கட்டாமல் வைத்திருக்கும் முதலாளிமார் அந்தப் பிள்ளையின் அனுபவத்தையே அழிக்கிறார்கள். ஊழியர் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம், இது சட்டம். நாலு வருடம் உழைத்தவனிடம் நாலு வருடத்துக்கான ஒரு தாளும் இல்லாமல் போவது பெரிய அநியாயம். வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இனிக் கணினித் துறையில் இருப்பவர்களுக்கு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்து வெளியே வந்த பிள்ளைகள் இதைக் கவனமாகப் பாருங்கள். ஐந்து வருடம் வேலை செய்திருந்தாலும், பட்டம் துறைக்கு நெருங்கியதாக இருந்தால் அவுஸ்திரேலியக் கணினிச் சங்கமான ஏ.சி.எஸ். செய்யும் தகுதி மதிப்பீட்டில் வழமையாக முதல் இரண்டு வருடத்தைக் கழித்துவிடுவார்கள். மிஞ்சுவது மூன்று. 189 போன்ற புள்ளி வீசாவில், அவுஸ்திரேலியாவுக்கு வெளியே பெற்ற மூன்று வருட அனுபவத்துக்கு 5 புள்ளி, ஐந்து வருடத்துக்கு 10 புள்ளி. வீசாவுக்கு விருப்பம் பதியும் அவுஸ்திரேலிய அரச இணையத்தளமான ஸ்கில்செலக்டில் படிவம் நிரப்பும்போது ஐந்து வருடத்தையும் ஒரே வரியில் போட்டு, தொழிலோடு தொடர்புடையதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று அழுத்தினால் கணினி தானாக 10 புள்ளி போட்டுவிடும். அந்தப் புள்ளியில் வீசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பும் வரலாம். பிறகு வீசா அதிகாரி கணக்குப் பார்க்கும்போது 5 குறையும், விண்ணப்பம் மறுக்கப்படும், கட்டிய காசும் போகும். அதனால் வேலையை இரண்டு வரியாகப் பிரியுங்கள். கழிபட்ட இரண்டு வருடத்துக்கு "இல்லை", மற்றதற்கு "ஆம்". வேலையை விட்டிருந்தால் முடிவுத் திகதியை வெறுமையாக விடவே வேண்டாம். விட்டால் நீங்கள் வீட்டில் இருக்கும் காலத்துக்கும் அது புள்ளி ஏற்றிக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 29 என்றால் 30, பட்டம் 15, ஐ.ஈ.எல்.டி.எஸ். நாலு பகுதியிலும் 7 எடுத்தால் 10, அனுபவம் 5, திருமணமாகாதவர் என்பதால் 10. மொத்தம் 70. தகுதி எல்லை 65 தான், ஆனால் அந்த அளவில் அழைப்பு வருவது அரிது.

இங்கேதான் நம்முடைய தாய்மொழி கைகொடுக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று வழங்கும் அவுஸ்திரேலிய அமைப்பான நாட்டி (NAATI) நடத்தும் சீ.சீ.எல். (CCL) என்ற வாய்மொழிபெயர்ப்புப் பரீட்சையைத் தமிழில் எடுக்கலாம், சித்தியடைந்தால் 5 புள்ளி. இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சொல். ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவதை நீங்கள் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மொத்தம் 90 க்கு 63 எடுக்க வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் 45 க்கு 29 ஆவது வேண்டும். தமிழ் மொழிமூலம் படித்தவர்கள்கூடத் தோற்பது எதனால் என்றால், பேச்சில் ஆங்கிலச் சொல் தானாக வந்து விழுவதால். காப்புறுதி, பிணை, வாடகை ஒப்பந்தம், ஓய்வூதியம், இந்த மாதிரிச் சொற்கள் வாயில் பழகியிருக்க வேண்டும். பேப்பரைச் சத்தமாக வாசித்துப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

ஏஜென்டுமாரைப் பற்றி. முதலாளி அனுசரணை தருவதற்காகத் தொழிலாளியிடம் காசு கேட்பது அவுஸ்திரேலியச் சட்டத்தில் 2015 டிசம்பரிலிருந்து குற்றம். கேட்டவனும் குற்றவாளி, கொடுத்தவருக்கும் வீசா பறிபோகலாம். முதலாளி அங்கே கட்ட வேண்டிய பயிற்சி நிதியை உங்கள் தலையில் கட்டவும் முடியாது. "நாமினேஷன் வந்திட்டு", அதாவது முதலாளி உங்களை அந்த வேலைக்கு முன்மொழிந்தது அனுமதியாகிவிட்டது, என்று ஒரு கடிதத்தைக் காட்டினால் அது வீசா இல்லை. அனுசரணையாளர் அங்கீகாரம், நாமினேஷன், வீசா என்று மூன்று படி இருக்கிறது. நாமினேஷன் இரண்டாவது படி மட்டும். இன்னமும் லண்டன் பராமரிப்பாளர் வேலை என்று காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை பிரித்தானியா 2025 ஜூலை 22 இல் நிறுத்திவிட்டது. சந்தேகம் வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து, ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாகப் பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும், சேவைக் கடிதத்தில் கூப்பிடுகிற பெயர் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள், அதில் பெயரின் எழுத்துக்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். சேவைக் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். மனேஜர் மாறிப் போனால், கம்பனி மூடப்பட்டால், கையொப்பம் வைக்க ஆள் தேடி அலைய வேண்டி வரும்.