கதவைத் திறந்துவைத்தால் எல்லோரும் ஓடிவிடுவார்களா?

நெருங்கிய தோழி ஒருத்தி, கணவரைப் பிரியப் போகிறேன் என்று சொன்னபோது என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா?" பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் பதில் சொல்லவில்லை. அப்புறம் வெகுநாள் என்னிடம் எதையுமே சொல்லவில்லை. அடி உதை இல்லை, குடி இல்லை. பிரிவதற்குப் போதுமான காரணம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் காரணத்தை அவள் எனக்கு எதற்காகக் காட்ட வேண்டும் என்பது உறைக்க ரொம்ப நாள் ஆனது.

விவாகரத்தோ தன்பாலினத் திருமணமோ, ஊர் இப்படித்தான் காரணம் கேட்கிறது. சட்டங்களே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் 1857 மணமுறிவுச் சட்டப்படி, மனைவிக்கு வேறொருவருடன் உறவு இருந்தால் கணவன் விலகிவிடலாம். கணவனுக்கு அப்படி உறவு இருந்தாலோ மனைவிக்கு அது மட்டும் போதாது. கொடுமை, கைவிட்டது என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை நீங்க 1923 ஆனது. நியூயார்க் மாநிலத்தில் 1966-இல் சட்டத்தைத் திருத்தும்வரை கள்ள உறவு ஒன்றுதான் காரணமாகச் செல்லும். அதனால் இருவரும் மனமொத்துப் பிரிய நினைத்தால்கூட, ஒரு பெண்ணுக்குக் காசு கொடுத்து ஓட்டல் அறையில் கணவனோடு இருக்கவைத்து, படமெடுத்து, அதைச் சாட்சியாகக் கொண்டுபோனார்கள். திருமணத்தின் புனிதத்தைக் காக்க வந்த சட்டம் தம்பதிகளுக்குப் பொய்ச்சாட்சி சொல்லப் பழக்கியது.

யார்மீதும் குற்றம் சாட்டாமல் பிரியலாம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1969-இல் நிறைவேறியது. கையெழுத்துப் போட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன், பழமைவாதிகளின் செல்லப்பிள்ளை. (அவரும் விவாகரத்து ஆனவர்தான்.) மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. விவாகரத்து விகிதம் 1980 வாக்கில் உச்சத்தைத் தொட்டது உண்மை. பிறகு இறங்கியது. திருமணம் செய்துகொள்பவர்களும் குறைந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். ஒருவர் விரும்பினாலே விலகலாம் என்று சட்டம் மாறிய மாநிலங்களில் பெண்களின் தற்கொலை 8 முதல் 16 சதவீதம் வரை குறைந்திருந்தது. வீட்டுக்குள் அடிப்பதும் குறைந்திருந்தது. பிரிந்தவர்கள் தப்பித்தது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. 'இவள் கிளம்பிவிடுவாள்' என்று தெரிந்தால் ஓங்கிய கை இறங்குகிறது.

சரி, இதற்கும் தன்பாலினத் திருமணத்துக்கும் என்ன சம்பந்தம்? என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சண்டை. யார் யாரோடு வாழ்வது என்பதை அந்த இருவர் முடிவு செய்வதா, சுற்றி நிற்பவர்கள் முடிவு செய்வதா என்ற சண்டை.

அயர்லாந்தைப் பாருங்கள். 1937 அரசியலமைப்பே அங்கே விவாகரத்தைத் தடை செய்திருந்தது. அதை நீக்கலாமா என்று 1986-இல் வாக்கெடுப்பு நடந்தபோது மக்கள் பெரும்பான்மையாக மறுத்தார்கள். 1995-இல் மறுபடி கேட்டார்கள். 'வருக விவாகரத்தே, போய் வா அப்பா' என்ற பொருளில் எதிர்ப்புச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. வெறும் 9,000 சொச்சம் ஓட்டில் விவாகரத்தை அனுமதிக்கும் திருத்தம் தப்பிப் பிழைத்தது. அதே நாடுதான் 2015-இல் 62 சதவீத வாக்குகளோடு தன்பாலினத் திருமணத்தை ஏற்றது. இடையில் ஓடியது இருபதே வருடம். ஆயிரங்காலத்துப் பயிர் அழுகிவிடும் என்று பயந்தவர்கள், பக்கத்து வீட்டில் விவாகரத்து ஆனவர்களைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

"சேர்ந்து வாழ்ந்தால் போதாதா, சட்டம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஈடித் வின்ட்சர் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையைச் சொல்வேன். அவரும் தியா ஸ்பையர் என்ற பெண்ணும் நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். 2007-இல் கனடாவில் திருமணம் செய்துகொண்டார்கள். 2009-இல் ஸ்பையர் இறந்ததும் அமெரிக்க அரசு வின்ட்சரிடம் 3,63,053 டாலர் வாரிசு வரி வசூலித்தது. கணவனை இழந்த மனைவியாக இருந்திருந்தால் ஒரு டாலர்கூடக் கட்டியிருக்க வேண்டாம். வழக்குப் போட்டார், 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அப்போது அவருக்கு 80 வயது தாண்டியிருந்தது. காதலுக்குச் சட்டம் தேவையில்லாமல் இருக்கலாம். சாவுக்குப் பிறகு வரும் காகிதங்களுக்குத் தேவை.

தன்பாலினத் திருமணத்தை முதலில் சட்டமாக்கியது நெதர்லாந்து, 2001-இல். தைவான் 2019-இல், தாய்லாந்து 2025-இல். நெதர்லாந்தில் பெண் இணைகள் ஆண் இணைகளைவிட அதிகமாகப் பிரிகிறார்கள் என்ற தகவலைச் சிலர் ஏதோ கையும் களவுமாகப் பிடித்ததுபோலப் பகிர்கிறார்கள். பிரியட்டுமே! ஆண் பெண் தம்பதிகள் எத்தனையோ தலைமுறையாகச் சண்டை போடலாம், சலித்துப் போகலாம், நீதிமன்றப் படியேறலாம். இவர்கள் மட்டும் உத்தமத் தம்பதிகளாக வாழ்ந்து காட்டினால்தான் உரிமை உண்டு என்றால், அது நான் தோழியிடம் கேட்ட அதே கேள்விதான்.

அவளும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம். அந்தக் காரணத்தை இன்றுவரை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.