யோசித்துத்தான் நம்பவில்லை

இங்கே சிங்கப்பூரில் கடவுள் நம்பிக்கையை வைத்து நடந்த சனிக்கிழமை பட்டிமன்றத்தைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் "நாத்திகன்னா ஏதோ கோபத்துல சாமிய விட்டவன், அடிபட்டா தானா வருவான்" என்று நடுவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியதே, அது இன்னும் உறுத்துகிறது.

எனக்குச் சாமியிடம் கோபம் இல்லை. யோசித்துப் பார்த்தேன், நம்ப முடியவில்லை.

தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகுக்கு ஒரு கர்த்தா, அதாவது ஆக்கியவன், வேண்டும் என்பது சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் வைக்கும் வாதம். மதிப்போடுதான் படித்தேன். ஆனால் உலகத்தில் உள்ள ஒவ்வொன்றும் தோன்றி மறைவதால் மொத்த உலகமும் ஒருநாள் தோன்றியது என்று ஆகிவிடுமா? கர்த்தா அநாதி, தொடக்கமே இல்லாதவர் என்றால், உலகத்தையே அநாதி என்று சொல்லிவிடலாமே? வேதத்தை ஏற்ற மீமாம்சகர்கள் என்ற தத்துவப் பிரிவினரே படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதங்களின் சேர்க்கைதான் எல்லாம் என்னும் பூதவாதியும் தன் வாதத்தைச் சொல்கிறான். அவனுக்கு என்ன அடிபட்டிருந்தது?

"பெரியார் பேச்சைக் கேட்டுக் கெட்டவன்" என்பார்கள். பெரியார் 1929இல் இங்கே வந்தபோது என் அப்பாவே பிறக்கவில்லை. நான் கேட்டது என் கேள்வி.

"இந்த ஊரில் நல்லிணக்கம் முக்கியம்" என்பார்கள். முக்கியம்தான். சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவர் தமக்குச் சமயம் இல்லை என்றார்கள். அந்த நல்லிணக்கத்தில் நாங்களும் உண்டுதானே? தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுத்தால், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை தண்ணீர் பாட்டிலோடு கூடவே நடக்கிறவன் நான். ஒரு வார்த்தை கேலி பேசியதில்லை.

அடிபட்டால் வருவான் என்றீர்களே, அடியும் பட்டது. அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது பெரியம்மா என் கையைப் பிடித்து, "உன்னாலதான்டா இப்படி ஆச்சு, இப்பவாவது கும்பிடு" என்றார். அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை. அழுதேன், கும்பிடவில்லை. பயத்தில் கும்பிட்டிருந்தால் அது பக்தியா, அம்மாவின் சாமிக்குத்தான் மரியாதையா? அம்மா தேறியதும் வேண்டுதல் பலித்தது என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டிக்காகவும் அவர்கள் குடும்பம் விடிய விடிய வேண்டியது. அந்தப் பாட்டி பிழைக்கவில்லை. அவர்கள் வேண்டியதில் என்ன குறை?

நடுவர் ஐயா, அடுத்த முறை இதே தலைப்பு வைத்தால் எங்களில் ஒருவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். நான் வருகிறேன்.