உயிர் தப்பிட்டான் எண்டதோட கத முடியல

நம்மட பக்கம் போட் விபத்து எண்டா எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், ஆள் தப்பிட்டானா இல்லையா. தப்பிட்டான் எண்டா கோயில்ல ஒரு தேங்காய உடைச்சிட்டு அவனவன் வேலையப் பாக்கப் போயிருவம். எனக்கு இதுல சரியான கோவம் இரிக்கு, ஏனெண்டா காயப்பட்டவன்ட உண்மையான பாடு தொடங்குறதே ஆஸ்பத்திரியால வீட்டுக்கு வந்த பிறகுதான்.

எங்கட பெரியம்மாட மகன் முகத்துவாரத்தடியில அலை அடிச்சு போட்டால விழுந்தவரு, ஆளில்லாத போட் சுத்தி வந்து எஞ்சின் விசிறி வலது கால்ல வெட்டிட்டு. ஓட்டுற ஆள் கை விட்டா எஞ்சின் ஒரு பக்கம் திரும்பும், போட் வட்டம் போட்டு விழுந்தவனுக்கு மேலயே திரும்ப வரும். மூணு இலை விசிறி நிமிசத்துக்கு 3200 தரம் சுத்துதெண்டா ஒரு செக்கனுக்கு 160 வெட்டு, கணக்குப் போட்டுப் பாருங்க.

டொக்டர்மார் உயிரையும் காலையும் காப்பாத்தித் தந்தாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல ஏலா. ஆனா முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கத்தால போற நரம்பு பழுதாகினதால பாதத்த மேல தூக்க ஏலாது அவருக்கு. நடக்கக்குள்ள விரல் நிலத்துல இழுபடும், செருப்பு கழண்டு கழண்டு போகுதெண்டு தங்கூசியால, அதான் மீன் பிடிக்கிற நைலோன் நூலால, பாதத்தோட சேத்துக் கட்டியிரிக்காரு, அந்தத் தங்கூசி அறுத்து அறுத்து புறங்கால்ல கறுப்பா ஒரு கோடே விழுந்திட்டு. ராவைக்கு அடிப்பாதம் எரியுதெண்டு ஈரத்துணி சுத்திக்கிட்டுத்தான் படுப்பாரு.

வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளருறது ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர்தான். முழங்காலடியில இருந்து கீழ வரைக்கும் எத்தின மாசம் எண்டு யோசிங்க, அதுவும் எல்லாருக்கும் முழுசா வராது. அந்தக் காலம் முழுக்க மூட்டு இறுகாம பயிற்சி செய்யணும், பாதத்த நிமித்திப் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டை போடணும். நம்மட சனம் ரெண்டு மாசம் பிசியோதெரபிக்குப் போயிட்டு ஒரு மாத்தமும் இல்லயே எண்டு விட்டிரும். சனத்தயும் குத்தம் சொல்ல ஏலா, பஸ் காசு வேணும், கூடப் போற ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும், இது வருசக்கணக்கு வேலை எண்டு உக்கார வெச்சு விளங்கப்படுத்த ஒருத்தரும் இல்ல.

வாவித் தண்ணி பட்ட காயம் மூடின பிறகும் எலும்புக்குள்ள கிருமி தங்கி மாசங்கள் கழிச்சு சீழ் வரலாம், சீனி வருத்தக்காரருக்கு இன்னும் மோசம். அதுக்குமேல எண்ணெய் பூசிக்கிட்டு இரிக்காதீங்க.

எல்லாத்தையும் விட என்னை நோகப்பண்ணுறது தலையடிதான். போட் விளிம்புல தலை அடிபட்டவன் வெளியால பாக்க நல்லாத்தான் இரிப்பான். பிறகு சும்மா சும்மா கோவம் வரும், சொன்னது மறக்கும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, சிலருக்கு காலம் கழிச்சு வலிப்பும் வரும். ஊர் என்ன சொல்லும்? குடிச்சிட்டு ஆடுறான், பேய் பிடிச்சிட்டு, மனிசி சரியில்ல. அடிபட்ட மூளைட வருத்தம் அது, திரும்ப டொக்டர்ட்ட காட்டணும் எண்டு ஒருத்தருக்கும் தோணாது. கடலுக்குப் போகப் பயந்து ராவில திடுக்கிட்டு எழும்புறவன கோழை எண்டு நக்கலடிக்கிறதும் அப்பிடித்தான், பாவம் அவன்.

பாசிக்குடா, அறுகம்பை பக்கம் போட் ஓடுற தம்பிமாருக்கும் ஒண்டு சொல்றன். வேகமா அலையில குத்தக்குள்ள அணியத்துல, போட்ட முன்பக்கத்துல இரிக்கிறவங்கட முதுகெலும்புதான் நசுங்கும். வயசானவங்கள, கர்ப்பிணிப் பொம்பிளைகள அங்க இருத்தாதீங்க. இடுப்பில அடிபட்டவருக்கு ஒண்டுக்குப் போக ஏலாம, இருக்கிற இடம் மரத்துப் போச்செண்டா விடியட்டும் எண்டு பாக்காம 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிங்க.

எஞ்சினோட வாற அந்தச் சிவப்புக் கயித்த எத்தின பேர் கையில மாட்டுறீங்க? ஆள் விழுந்த உடனே எஞ்சின் நிக்கிறதுக்குத்தான் அது. அமெரிக்காவுல 26 அடிக்குக் குறைஞ்ச போட்டுகளுக்கு 2021ல சட்டமாவே கொண்டுவந்தாங்க. நம்மட ஆக்கள் அதக் கழட்டி எஞ்சின்லயே சுத்தி வெச்சிருவாங்க, கை இடைஞ்சலாம்.

பாலமீன்மடு, நாவலடி, வாழைச்சேனை, கல்முனை, பொத்துவில், எங்க எண்டாலும் பழைய போட் காயத்தோட ஆராவது வீட்டுக்குள்ள முடங்கி இரிந்தா திரும்ப கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க. கிளினிக் கொப்பி துலைஞ்சிட்டு எண்டு நிக்காதீங்க, புதுசாப் பதியலாம். உதவிப் பணம் கேக்கிறதுக்கு பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தரச் சந்திங்க, டயக்னோசிஸ் கார்ட்டையும், அதான் என்ன வருத்தமெண்டு ஆஸ்பத்திரியில எழுதித் தாற அட்டை, மறக்காம கொண்டு போங்க.