300 மீட்டரா, 600 மீட்டரா?

கல்லூரித் தோழன் ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். ஐம்பது வயது நெருங்குகிறது, தனக்கென்று ஒரு நல்ல வாட்ச் வாங்கப் போகிறானாம். "மச்சான், ரெண்டு டைவர் வாட்ச் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு 300 மீட்டர், இன்னொண்ணு 600 மீட்டர். எது எடுக்கட்டும்?" அவனுக்கு நீச்சலே தெரியாது. அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு போனை வைத்தேன். ஆனால் டைவர் வாட்ச், அதாவது கடலில் முக்குளிப்பவர்களுக்கான வாட்ச், வாங்குகிற எல்லோருமே முதலில் பார்ப்பது எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்ற அந்தக் கணக்கைத்தான். நானும் அப்படிப் பார்த்து வாங்கியவன்தான்.

சரி, அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பொழுதுபோக்குக்காக ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முக்குளிப்பது, செய்கிறவர்களுக்கு எல்லை 40 மீட்டர். கின்னஸ் பதிவில் இருக்கும் ஸ்கூபா சாதனை, எகிப்தின் அகமது கப்ர் 2014ல் செங்கடலில் இறங்கிய 332 மீட்டர். இறங்க ஏறக்குறைய கால் மணி நேரம், மேலே வந்து சேர பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆக, டயலில் 300 என்று போட்டிருக்கும்போதே ஸ்கூபாவில் மனிதன் தொட்ட எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அதற்கு மேல் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் வாட்ச் கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் போட்டி. 2022ல் ரோலெக்ஸ் 11,000 மீட்டருக்கு ஒரு வாட்சை விற்பனைக்கே கொண்டுவந்தது. டைட்டானியம். அகலம் 50 மில்லிமீட்டர், தடிமன் 23. பொறியியல் என்று பார்த்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் முழுக்கைச் சட்டையின் பட்டனைப் போட முடியாது.

என்னைக் கேட்டால், டைவர் வாட்சின் உயிர் அந்தக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தில்தான் இருக்கிறது. பெசல் என்பார்கள். தண்ணீருக்குள் இறங்கும்போது அதிலிருக்கும் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். அப்புறம் முள் எந்த எண்ணைத் தொடுகிறதோ அத்தனை நிமிடம் ஆகிவிட்டது. அவ்வளவுதான், கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். ஆழத்தில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும், கள் குடித்தவன் மாதிரி. அந்த நிலையில் யாரும் கணக்குப் போட முடியாது.

இன்றைய டைவர் வாட்ச்கள் பெரும்பாலானவற்றில் இந்த வளையம் ஒரு பக்கமாகத்தான் சுற்றும், கடிகாரம் ஓடும் திசைக்கு எதிராக. காரணம் தெரிந்த அன்று எனக்கு இந்த வாட்ச்கள் மேல் பைத்தியம் பிடித்தது. பாறையிலோ படகின் விளிம்பிலோ இடித்து வளையம் தவறிப்போய் நகர்ந்தாலும், கழிந்த நேரம் அதிகமாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. பத்து நிமிடம் முன்னதாக மேலே வந்துவிடுவீர்கள். பத்து நிமிடம் கூடுதலாக உள்ளே இருந்துவிட மாட்டீர்கள். தப்பு நடக்கும் என்று ஒப்புக்கொண்டு, நடந்தால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்றும் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த யோசனையெல்லாம் டிசைன் ஸ்டூடியோவில் பிறந்ததில்லை. 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்புப் படையை உருவாக்கிய மலூபியே, ரிஃபோ என்ற இரண்டு அதிகாரிகள் வாட்ச் தேடி அலைந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனத்தை நடத்திவந்த ஃபீஷ்டேர் அவர்களுக்கு அகப்பட்டார். அவரே முக்குளிப்பவர், கடலடியில் நேரம் போனது தெரியாமல் காற்று தீர்ந்து ஒருமுறை தப்பிப் பிழைத்தவர். 1953ல் வந்த அந்த வாட்சின் பெயர் ஃபிஃப்டி ஃபேதம்ஸ். ஃபேதம் என்பது வேறொன்றும் இல்லை, நம் கடற்கரைக்காரர்கள் ஆழம் சொல்லப் பயன்படுத்தும் 'பாகம்'தான். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். ஐம்பது பாகம், அதாவது சுமார் 91 மீட்டர். அன்றைக்கு ஒரு முக்குளிப்பவர் போகக்கூடிய எல்லை என்று கருதப்பட்ட ஆழம். இவ்வளவு விலை உயர்ந்த ஒரு வாட்சுக்கு ஐம்பது பாகம் என்று பெயர் இருப்பது எனக்கு ஏனோ ரொம்பப் பிடித்திருக்கிறது. ரோலெக்ஸின் டைவர் வாட்சான சப்மரைனரும் ஏறக்குறைய அதே சமயத்தில் பிறந்ததுதான்.

அடுத்தது வெளிச்சம். இருட்டில் மின்னுகிற எதையும் நாம் இன்னும் 'ரேடியம்' என்றுதான் சொல்கிறோம். பைக் நம்பர் பிளேட் ஸ்டிக்கர்கூட ரேடியம். அந்தக் காலத்து வாட்ச்களில் நிஜமாகவே ரேடியம்தான் பூசினார்கள், கதிரியக்கத்தோடு. பிறகு கதிரியக்கம் குறைந்த டிரிட்டியம் வந்தது. இப்போது இருக்கும் சூப்பர் லூமினோவா என்ற பூச்சு வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மெல்ல மெல்லக் கக்கும், ஆபத்தில்லை. டைவர் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரநிலைப்படி, கும்மிருட்டில் 25 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் நேரம் தெரிய வேண்டும், வாட்ச் ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும். நொடி முள்ளில் ஒரு சின்னப் பொட்டு மின்னுவது அழகுக்காக வைத்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வாட்ச் நின்றுபோனால் தெரிவதற்காம்.

ஆடம்பர வாட்ச் விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லும் ஹீலியம் வால்வு மட்டும் எனக்குக் கொஞ்சம் வேடிக்கை. வாரக்கணக்கில் அழுத்த அறைக்குள்ளேயே தங்கி, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து, ஆழ்கடலில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹீலியம் அணு ரொம்பப் பொடிசு, ரப்பர் வாஷரையும் தாண்டி வாட்சுக்குள் நுழைந்துவிடும். வேலை முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது, உள்ளே மாட்டிய ஹீலியம் கண்ணாடியைத் தெறிக்க வைக்கும். அதை வெளியே விடத்தான் வால்வு. ரோலெக்ஸ் 1967லேயே அதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஜப்பானின் செய்கோ வேறு வழியில் போனது. வால்வு வைப்பதைவிட ஹீலியத்தை உள்ளேயே விடாமல் இருந்தால் என்ன? பின்மூடியே இல்லாத ஒரே துண்டுக் கூடு, எல் வடிவ வாஷர் என்று 1975ல் 600 மீட்டர் வாட்சைக் கொண்டுவந்தார்கள். என் ஓட்டு செய்கோவுக்கு.

சுவிஸ் பக்தர்கள் சண்டைக்கு வரலாம், பரவாயில்லை.

இவ்வளவு பேசும் நான் என் வாட்சுக்குள் தண்ணீர் விட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 200 மீட்டர் வாட்ச், நாலடி ஆழ நீச்சல் குளம். கண்ணாடிக்கு உள்ளே பனி மாதிரி படர்ந்துவிட்டது. பாரிமுனைப் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, திறப்பதற்கு முன்பே சாவியைப் பார்த்தார். "வாட்ச் மேல தப்பு இல்ல தம்பி. காலைல டைம் வச்சுட்டு சாவியைத் திருகி மூடினீங்களா?" மூடவில்லை. அப்புறம் பின்மூடியைக் கழற்றி ஒரு கறுப்பு ரப்பர் வாஷரைச் சிமிட்டாவால் எடுத்துக் காட்டினார். முடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, தொட்டால் வளையாமல் விறைத்துப் போயிருந்தது. "இதையும் சேத்து மாத்திடலாம். நூறு ரூபா சமாச்சாரம். இது போச்சுன்னா லட்ச ரூபா வாட்சும் டம்ளர்தான்."

இன்னொரு உண்மை, இன்றைக்குக் கடலில் இறங்குகிறவர்களுக்கு இந்த வாட்ச் தேவையே இல்லை. அந்தமானில் என்னைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போன பயிற்சியாளர் கையில் இருந்தது கறுப்பு பிளாஸ்டிக் டைவ் கம்ப்யூட்டர். ஆழம், நேரம், எப்போது மேலே வரவேண்டும் எல்லாம் அதுவே சொல்லிவிடுகிறது. ஆக, லட்சக்கணக்கில் கொடுத்து நாம் வாங்குவது வேலை போன ஒரு கருவியை. எனக்கு அதில் வெட்கம் இல்லை. வீட்டில் ஓரமாக நிற்கும் ஆட்டுக்கல்லின் வடிவம் இன்னும் கண்ணுக்கு நிறைவாக இல்லையா? ஆனால் அதே பெசல் வளையத்தில் நிமிடக் கோடுகளை எடுத்துவிட்டு வைரமும் நீலக்கல்லும் பதித்து விற்கிறார்களே, அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. ஆட்டுக்கல்லுக்குத் தங்கக் குழவி போட்ட மாதிரி.

டேய் நண்பா, இதைப் படித்தால் கேள். மீட்டரை மற. கடைக்குப் போ, கையை ஈரமாக்கிக்கொண்டு அந்த வளையத்தைத் திருப்பிப் பார். வழுக்குகிறதா, ஒவ்வொரு அடியும் டிக் டிக்கென்று அழுத்தமாக விழுகிறதா, விட்ட இடத்தில் ஆடாமல் நிற்கிறதா என்று பார். அப்புறம் மேஜைக்கு அடியில் கையை நீட்டி, இருட்டில் நிமிட முள் எது, மணி முள் எது என்று சட்டென்று தெரிகிறதா பார். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். சாவியை நாலு தடவை திருகித் திறந்து மூடிப் பழகு. 600 மீட்டர் வாட்ச் உன் மணிக்கட்டுக்குப் பெரிது, அதை நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.