அன்றைக்குச் சிரித்தவர்கள்

எங்கள் பேட்சின் ஒன்றுகூடல் அடுத்த மாதம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "நீதானே எழுதுறவள், பள்ளிக்கூட நினைவு ஒண்டு ஐந்நூறு சொல்லுக்குள்ள எழுதித் தா" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டு மூன்று கிழமை ஆகிறது. நான்கு தரம் தொடங்கி நான்கு தரமும் அழித்துவிட்டேன். ஐந்தாம் தரம் தொடங்கியதுதான் இது. ஐந்நூறு சொல்லுக்குள் நிற்காது என்பதால் இங்கே போடுகிறேன்.

குழுவில் ஏற்கெனவே ஆளாளுக்கு நினைவுகளைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். கன்டீன் ரோல்ஸ். மழைக்குக் கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்க, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தது. காலி வீதி பஸ் ஹோல்ட்டில் 100ஆம் நம்பர் பஸ் இரண்டு மூன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு நின்றது (ஏன் நின்றோம் என்பதை அந்தப் பக்கத்துப் பாடசாலைப் பையன்களிடம் கேளுங்கள்). எல்லாம் உண்மை. எனக்கும் இனிக்கிறது.

அப்புறம் அடி பற்றிய நினைவுகள் வரும். ஒரு டீச்சரை எல்லோருக்கும் ஞாபகம். அவர் கையில் எப்போதும் மரத்தாலான ஓர் அடிமட்டம் இருக்கும். கோடு கீறுவதற்கு அதை எடுத்து நான் கண்டதில்லை. காலைக் கூட்டம் முடிந்ததும் சந்தேகமானவர்களை முழங்காலில் நிற்க வைப்பார். சீருடையின் கரை தரையில் முட்டாவிட்டால் அந்த அடிமட்டத்தின் விளிம்பால் முழங்கைக்குக் கீழே இரண்டு விழும். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். "அந்த அடி இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு இப்பிடி இருப்பமா?" என்று ஒருத்தி எழுதினால், அதற்குக் கீழே நாற்பது சிரிப்பு முகங்கள்.

நான் சட்டம் படித்தவளில்லை. ஆனாலும் வயது போன பிறகு தேடிப் பார்த்தேன். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை அனுப்பியிருக்கிறது. எங்களுக்கு விழுந்ததெல்லாம் 2006, 2007 இல். சுற்றுநிருபம் அலுமாரிக்குள் இருந்தது, அடிமட்டம் வெளியே இருந்தது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், இது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. அது சித்திரவதையிலிருந்தும் இழிவாக நடத்தப்படுவதிலிருந்தும் ஒருவரைப் பாதுகாக்கும் உறுப்புரை. எங்கள் குழுவின் சிரிப்பு முகங்களை அந்தத் தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூசுகிறது.

நான் சொல்ல வந்தது அடியைப் பற்றி அல்ல. அடி வாங்கியதை எழுதுவது சுலபம். வாங்கியவள் எப்போதும் நல்லவள்.

குழுவில் சேர்த்த அன்றைக்கே ஒருத்தி விலகிப் போனாள். யாரோ திரும்பச் சேர்த்தார்கள். இரவுக்குள் மறுபடியும் போய்விட்டாள். "அவளுக்கு இப்ப பெரிய ஆள் எண்ட நினைப்பு" என்றார்கள். அவள் ஏன் போனாள் என்பது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தும் அந்த இடத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

அதைச் சொல்ல முன் 2003க்குப் போக வேண்டும். நான் பெரியபிள்ளையான வருடம் அது. சமாதான காலம். ஏ9 பாதை திறந்திருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து மாமிமார், பெரியம்மாமார் எல்லோரும் பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுந்துக்களி. வேண்டாம் என்று அழுதால் "பிறகு இடுப்பு நோகேக்க தெரியும்" என்று மிரட்டல். பாடசாலைக்கு அம்மா கொடுத்த கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். இரண்டு கிழமைக் காய்ச்சல்! அதற்குப் பிறகு ஹோல் எடுத்து, வீடியோக்காரனைப் பிடித்து, என் படம் போட்ட அழைப்பிதழ் அடித்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு. என்னைவிடப் பாரமான ஒரு சேலையில் என்னைச் சுற்றி மேடையில் நிறுத்தினார்கள். வகுப்பில் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

அடுத்த மாதம் நப்கின் வாங்கக் கடைக்கு அனுப்பும்போது அதே அம்மா சொன்னார்: "பேப்பரில சுத்தித் தரச் சொல்லு, ஒருத்தருக்கும் தெரியக் கூடாது." முந்நூறு பேரைக் கூப்பிட்டுச் சொன்ன செய்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி ஒளிக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்காத இந்தக் கணக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அந்த நாட்களில் நப்கின் ஒரு பக்கெட் வாங்குவதென்றால் பல வீடுகளில் யோசிப்பார்கள். இறக்குமதி நப்கின் மீது வரிக்கு மேல் வரி; ஒரு கட்டத்தில் எல்லாம் சேர்ந்து 100 வீதத்துக்கு மேல் போனது. 2018 இல்தான் குறைத்தார்கள். ஆகவே ஒன்றை நாள் முழுக்க வைத்துக்கொண்டு இருந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். குழுவிலிருந்து விலகிப் போனவளும் அதில் ஒருத்தி.

தரம் 10, இரண்டாம் தவணை. அந்த அடிமட்ட டீச்சரின் பாடத்தில் சோதனை. அவள் எழும்பி வெளியே போகக் கேட்டாள். "எழுதி முடிச்சிட்டுப் போ" என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். விடவில்லை. மூன்றாம் தரம் கேட்காமலே எழும்பிக் கதவுப் பக்கம் நடந்தாள். டீச்சர் அவளைக் கூப்பிட்டுக் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்தார். எங்களுக்கு முதுகு காட்டியபடி. எங்கள் சீருடை வெள்ளை. இதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை.

முதலில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. பிறகு வகுப்பு முழுக்க.

நானும் சிரித்தேன்.

எத்தனையோ வருடம் இந்தக் காட்சியை அந்த டீச்சரின் கொடுமைக் கதையாக மட்டும் சொல்லி வந்தேன். என் கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன். சிரிப்பு வரும் இடத்தில் "எல்லாரும்" என்பேன். அந்த ஒரு சொல்லுக்குள் நான் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

இங்கேதான் கதைகள் மேல் எனக்கு ஒரு முறைப்பாடு. பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருமே அடி வாங்கியவர்கள், ஒதுக்கப்பட்டவர்கள், கடைசி வாங்கில் இருந்து கவிதை எழுதியவர்கள். தமிழ்ச் சங்க நூலகத்தில் ஏ.எல் முடித்த காலத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். அதில் நான் கண்ட சிறுவர் சிறுமியர் அத்தனை பேரும் பாவம்தான். அப்படியானால் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் எங்கே போனார்கள்? ஒரு வகுப்பில் நாற்பது பேர். ஒருத்தி அழுதால் முப்பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டுமே. அந்த முப்பத்தொன்பது பேரில் ஒருவர்கூட வளர்ந்து எழுத்தாளராகவில்லையா?

கொழும்புப் பள்ளிக்கூடக் கதை என்றால் எனக்கு முதலில் வருவது ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்'. 1994 இல் ஆங்கிலத்தில் வந்த நாவல். அதில் ஆர்ஜி என்ற தமிழ்ப் பையனை, 'ஆம்பிளை'யாக்குவதற்கென்றே தகப்பன் பாடசாலை மாற்றுகிறார். அங்கே மாணவர்கள் நடுங்கும் ஒரு அதிபர். பரிசளிப்பு விழாவில் ஆர்ஜி மேடையேறி ஹென்றி நியூபோல்ட் என்ற ஆங்கிலக் கவிஞரின் பாடல்களைச் சொல்ல வேண்டும். அதில் ஒன்று, எல்லாவற்றிலும் சிறந்தது எங்கள் பள்ளிக்கூடம் என்று பழைய மாணவர்கள் நெஞ்சு நிமிர்த்தும் பாடல். நண்பனை வதைக்கும் இடத்தைப் பற்றியே அந்தப் பாடலைச் சொல்ல வேண்டும் என்றதும், ஆர்ஜி மேடையில் வரிகளை வேண்டுமென்றே குழப்பி அதிபரை அவமானப்படுத்துகிறான். முதல் தரம் வாசித்தபோது எழும்பிக் கைதட்டினேன். எங்கள் வாட்ஸ்அப் குழு ஒவ்வொரு நாளும் பாடிக்கொண்டிருப்பதும் அதே பாடல்தானே!

இந்த ஒன்றுகூடல் பேச்சு வந்த பிறகு திரும்ப வாசித்தேன். இந்தத் தரம் மேடையில் நான் இல்லை. நாவலின் தொடக்கத்தில் பிள்ளைகள் மணமகள் விளையாட்டு விளையாடும் பகுதி ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் உறவுக்காரப் பெண் ஒருத்தி, பையன் எப்படி மணமகளாக இருக்கலாம் என்று சண்டை பிடித்து, கேலி செய்து, ஆர்ஜியை அந்த விளையாட்டிலிருந்து துரத்த வழி பண்ணுவாள். வாசிக்கிற எல்லோருக்கும் அவள் மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. வந்த கையோடு அவளுடைய குரல் எங்கேயோ கேட்ட குரலாகவும் இருந்தது. அவள் வளர்ந்து அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்த நாவலைத்தான் இப்போது வாசிக்க ஆசையாக இருக்கிறது.

தமிழர்களாகிய எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பதின்ம வயதை எழுதினால் யுத்தம் வந்து முன் ஆசனத்தில் உட்கார்ந்துவிடும். பிள்ளை உடனே சாட்சியாகிவிடும். சரி, நான் பார்த்ததையும் சொல்கிறேன். 2007 ஜூன் 7, வியாழக்கிழமை. விடியற்புறம் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்க லொட்ஜுகளில் பொலிஸார் புகுந்து, தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தி தாயோடு லொட்ஜில் இருந்துதான் படித்தாள், கனடா விசாவுக்குக் காத்துக்கொண்டு. அன்றைக்கு அவள் வரவில்லை.

கதை எழுதினால், அவளுடைய வெறுங்கதிரையைப் பார்த்து நான் விக்கித்து நின்றேன் என்று எழுதுவேன். நடந்தது அதுவல்ல. என் கணித டியூட், அதாவது டியூஷனில் தந்த குறிப்பு, அவளிடம் இருந்தது. டிசம்பரில் ஓ.எல் சோதனை. வரைபுப் பகுதி முழுக்க அதற்குள். இனி எப்படி வாங்குவது என்றுதான் முதலில் யோசித்தேன். ஒரு கிழமை கழித்து அவள் வந்தாள். எங்கே இருந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வந்ததும் முதல் வேலையாகப் புத்தகப் பையைத் திறந்து டியூட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

பதினாறு வயது அப்படித்தான் இருந்தது. வெளியே பஸ்களில் ஆட்களை ஏற்றுகிறார்கள், உள்ளே எனக்கு நெற்றியில் பரு. இரண்டும் ஒரே அளவு பெரிது. வெட்கமாக இருக்கிறது என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"சின்னப் பிள்ளைகள்தானே, அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதினைந்து வயதுப் பிள்ளை பயத்தில்தான் சிரிக்கிறது, முன்னால் நிற்பது தான் இல்லை என்ற நிம்மதியில். அதற்காக என்னைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. ஆனால் போன மாதம் அக்காவின் மகள், தரம் 9, பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். அக்கா என்னிடம் அனுப்பிவைத்தார். யாரோ இவளுடைய படத்தை வெட்டி ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் விட்டிருக்கிறார்கள். நான் வாய் திறந்ததும் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் எங்கட காலத்திலயும் இருந்ததுதான்டா, பிறகு நினைச்சா சிரிப்பு வரும்." பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆருக்கு, சித்தி?" என்றாள்.

அன்று இரவுதான், விலகிப் போனவளின் நம்பரைக் குழுவிலிருந்து தேடி எடுத்துத் தனியாக எழுதினேன். அந்த நாளை, வகுப்பை, கரும்பலகையை எழுதி, நானும் சிரித்தேன் என்பதையும் எழுதினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒன்றுகூடலுக்கு அந்த டீச்சர்தான் பிரதம விருந்தினர். ஓய்வுபெற்று இப்போது தெஹிவளையில் இருக்கிறார், என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஆகவே கூட்டிவரும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். குரல் நன்றாகத் தளர்ந்துவிட்டது. முழங்கால் வருத்தமாம், காரில் ஏறக் கை பிடித்துவிட வேண்டுமாம். "நீ ஆரம்மா, எந்த வாங்கில இருந்தனீ?" என்று கேட்டார். மூன்றாம் வாங்கு, யன்னல் பக்கம் என்றேன்.