பிள்ளைகளின் கேள்வி உங்கள் ஸ்டேட்டஸுக்கான சரக்கு அல்ல

வேதபாட வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து ஏதாவது கேட்டவுடன் கைபேசியைத் தூக்கும் பழக்கத்தை இனியும் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது. நெல்லைச் சீமையில் திருச்சபை நடத்தும் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். தாளாளரோடு வரும் விருந்தினர், பிள்ளையை அழைத்துப்போக வரும் சித்தப்பா, பக்கத்து வகுப்பு ஆசிரியர் என்று யார் வந்து நின்றாலும், குழந்தை பேசத் தொடங்கியதும் முதலில் நீளுவது கைபேசிதான். "பாப்பா, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லு, கேமராவப் பாத்துச் சொல்லு" என்கிறார்கள். மாலைக்குள் அது குடும்பக் குழுவில், சேகரத்துச் சபையார் குழுவில், முன்பின் தெரியாத யாருடையவோ ஸ்டேட்டஸில், கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

அண்மையில் யோவான் சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தைக் கதையாகச் சொன்னேன். ஒரு பையனிடம் இருந்த 5 வாற்கோதுமை அப்பங்களும் 2 மீன்களும் 5,000 பேருக்குப் பந்தியாகி, எல்லாரும் உண்டது போக 12 கூடை நிறைய மீதியானதைச் சொல்லி முடித்த நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு பையன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். "டீச்சர், அந்தப் பையனுக்கு எத்தன கூட குடுத்து விட்டாங்க? அவன் சோத்தத்தான எல்லாரும் சாப்பிட்டாங்க?" என்று கேட்டான். அந்தப் பையனுக்கு என்ன கிடைத்தது என்று சுவிசேஷம் சொல்லவில்லை. எத்தனை ஞாயிறு அந்தப் பகுதியின்மேல் பிரசங்கம் கேட்டிருக்கிறோம், கொடுத்தவன் வெறுங்கையோடு வீடு திரும்பினானா என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் பாடம் நடத்தலாம். ஆனால் வாசலில் நின்ற விருந்தினர் விழுந்து விழுந்து சிரித்தார், படமெடுத்தார், மறுபடி கேட்கச் சொன்னார். பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தப்பாக ஏதோ கேட்டுவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சும்மா கேட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என் வகுப்பில் கை தூக்குவதே இல்லை. என் ஆத்திரமெல்லாம் இதன்மேல்தான்.

அதே பாடத்தில் இன்னொரு பிள்ளை, அம்மா கருவாடு விற்பவள், அந்த மீன் பச்சை மீனா கருவாடா என்று கேட்டாள். அதற்கும் சிரிப்புத்தான். வெயிலில் வெகுதூரம் நடந்து வந்த ஒரு பையன் கையில் கெடாத மீன் எப்படி இருந்திருக்கும் என்று கடற்கரைப் பிள்ளை யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்? கலிலேயாக் கடலோரத்தில் மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழில் அந்தக் காலத்திலேயே பேர்போனது. வேத ஆராய்ச்சியாளர்களும் அந்த மீன்கள் அப்படிப் பதப்படுத்தியவையாக இருக்கலாம் என்றுதான் எழுதுகிறார்கள். பண்டிதர் சொன்னால் குறிப்பெடுக்கிறோம், ஆறு வயதுப் பெண் சொன்னால் சிரிக்கிறோம்.

சகேயுவின் கதையைச் சொன்ன நாள் இன்னும் மோசமாக முடிந்தது. கூட்டத்தில் இயேசுவைக் காண முடியாத குள்ளமான மனிதன் காட்டத்தி மரத்தில் ஏறினான் என்பது லூக்கா 19ஆம் அதிகாரம். எங்கள் செம்மணல் தேரிப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டத்தி எங்கே தெரியும்? பனைதான் தெரியும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, பனையின் பாதி உயரத்தில் சகேயு என்று ஒரு சிறுமி வரைந்திருந்தாள். "எங்க தாத்தாவும் குட்டதான் டீச்சர், அவருதான் சீக்கிரம் ஏறுவாரு" என்று விளக்கமும் சொன்னாள். கதை தனக்குள் போய்விட்டது என்பதற்கு ஒரு குழந்தை இதைவிட வேறென்ன அத்தாட்சி தர வேண்டும்? அந்தப் படத்தை ஒருவர் 'சகேயு கள் இறக்கப் போன கதை' என்று தலைப்புப் போட்டு ஒரு குழுவில் அனுப்பினார். பதநீர் இறக்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு பெரியவரின் தொழிலைக் கேலிப்பொருளாக்கி, அதைப் பேத்தியின் வெகுளித்தனம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் குழுவில் அவளுடைய மாமாவும் இருக்கிறார் என்பதைக்கூட யோசிக்கவில்லை.

கோலியாத்தை வீழ்த்தத் தாவீது 5 கல் பொறுக்கினானே, 1 கல்தானே எறிந்தான், மீதி 4 எங்கே என்று கணக்குக் கேட்டவனும் உண்டு. அதுவும் ஸ்டேட்டஸாகிவிட்டது.

சில கேள்விகளில் சிரிப்போடு ஆபத்தும் இருக்கிறது. எங்கள் வகுப்பில் வேறு மதத்து வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெற்றோர் சம்மதத்தோடு வேதபாடத்திலும் உட்காருகிறார்கள். இயேசு கழுதைக்குட்டிமேல் ஏறி எருசலேமுக்குள் வந்ததைச் சொல்லும் குருத்தோலை ஞாயிறு பாடத்தில், முருகனுக்கு மயில் இருப்பதுபோல இயேசுவின் வாகனம் கழுதைக்குட்டியா என்று ஒரு பிள்ளை கேட்டால், அது தன் வீட்டில் கண்டதையும் பள்ளியில் கேட்டதையும் சேர்த்துப் பார்க்கிறது என்று பொருள். நான்கு சுவருக்குள் அழகான கேள்வி அது. அதையே பத்து விநாடிக்கு வெட்டி, விஷமமான நான்கு வரியோடு அனுப்பினால் என்ன ஆகும் என்று இன்றைய நாளில் நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? அந்தக் குழந்தையின் முகம் அதில் இருக்கிறது, சட்டையில் பள்ளியின் சின்னம் இருக்கிறது.

"அழகாப் பேசுறான்னுதான் போட்டோம், அதுக்குப் போய் இவ்வளவு கோபமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். கோபம்தான். வகுப்பில் நாங்களும் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம், கேள்வி கேட்ட பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். அங்கே சிரித்த பிறகு அதன் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. உங்கள் கைபேசியில் அதற்குப் பதிலே கிடையாது. இன்னொரு கேடும் நடக்கிறது. சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்றால், வேறு சில பிள்ளைகள் கைபேசி நீண்டவுடன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லப் பழகிவிடுகிறார்கள். சிரிப்பு வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். ஏழு வயதில் ஒரு பிள்ளைக்கு இந்தப் பாடத்தை யார் நடத்தியது?

1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார், கையில் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சிறுவர்களைச் சேர்த்துச் செபம் கற்பித்தார். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அயலாருக்கும் கற்பித்தார்கள். இந்தக் கடற்கரையில் பிள்ளைகளை ஆசிரியர்களாகவே நம்பியிருக்கிறார்கள். லூக்காவின் 2ஆம் அதிகாரத்தில் 12 வயது இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். கேட்டவர்கள் பிரமித்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி மத்தேயு 18ஆம் அதிகாரம் எத்தனை கடுமையாகப் பேசுகிறது என்பதும் நம் சபையாருக்குத் தெரியாததல்ல.

வேதம் வேண்டாம், சட்டத்தையாவது பாருங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. பெரிய நிறுவனங்களே கேட்டாக வேண்டிய சம்மதத்தை, பள்ளி வராந்தாவில் நிற்கும் நீங்கள் ஏன் கேட்பதில்லை?

பாட நேரத்தில் வகுப்புக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் கைபேசியை அலுவலக அறையில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏற்கெனவே அனுப்பியவற்றைக் குழுக்களிலிருந்து நீக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். உத்தரவு வரும்வரை வாசலில் நானே நிற்பேன். விருந்தினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அந்த 12 கூடையைப் பற்றி அந்தப் பையனோடு நான் இன்னும் பேசி முடிக்கவில்லை.