போயிரும் சார், கொஞ்சம் டைட்டா திருப்புங்க

"போயிரும் சார், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு கொஞ்சம் டைட்டா திருப்புங்க, தானா போயிரும்."

தையல் மெஷின் பார்ட்ஸ் விக்கிறவன் போன்ல சொன்னது இது. கேட்டு ஒரு மணி நேரம் ஆகுது, இன்னும் கை நடுங்குது எனக்கு. தானா போயிருமாம். ஆமா போயிரும், ஸ்க்ரூ இல்ல, ஓட்டைல இருக்கிற மரை போயிரும், அப்புறம் அந்த மெஷினோட ஆயுசு போயிரும். அறுபது வருஷத்துக்கு மேல ஓடின வார்ப்பிரும்பு உடம்பு, அதுல மரை ஒரு தடவை கிழிஞ்சா யார் வந்து ஒட்டித் தருவா?

கேட்டது ஒரு ஸ்க்ரூ. ஒரே ஒரு ஸ்க்ரூ! சிங்கர் 111டபிள்யூ155, அதான் என் பழைய தோல் தைக்கிற மெஷின், அதுல ஊசி இறங்குற ஓட்டை இருக்கிற ஊசித் தட்டைப் பிடிச்சிருக்கிறது. மோட்டார் கேக்கல, கீழ சுத்தி ஊசி நூலைப் பிடிக்கிற ஹூக் கேக்கல, சுண்டுவிரல் நகம் அளவு கூட இல்லாத ஒரு ஸ்க்ரூ. முன்னாடி வச்சிருந்த மகானுபாவர் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வச்சுத் திருகித் திருகி அதோட தலையை மொக்கையாக்கி வச்சிருந்தாரு. நான் ரெண்டு நாள் எண்ணெய்ல ஊறப்போட்டு, தட்டி, சூடு காட்டி, கடைசில பாதித் தலை உடைஞ்சு மீதியை இடுக்கியால பிடிச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கால் சுத்து கால் சுத்தா வெளிய எடுத்தேன். உள்ள மரை ஒரு கீறல் இல்லாம அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கே, இந்த மெஷினைக் கட்டி மேய்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

சரி ஒரு ஸ்க்ரூ தானே, இன்னொன்னு பிடிச்சிருக்கேன்னு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், தப்புதான், ஒத்துக்கிறேன். மூணு அடுக்குத் தோல், ஊசி மேல ஏறும்போது தோல் ஊசியைக் கவ்விக்கிட்டு தட்டையும் சேர்த்து மயிரிழை தூக்குது. அடுத்த தையல்ல ஊசி முனை ஓட்டை ஓரத்துல உரசி வளைஞ்சு, ஹூக் நூலைப் பிடிக்காம பக்கத்துல பிடிச்சு, உள்ள சுத்தி, கடக்குன்னு சேஃப்டி கிளட்ச் விட்டுக்கொடுத்துருச்சு. அந்தக் கிளட்சை யோசிச்சு வச்ச புண்ணியவான் நல்லா இருக்கணும். நூல் சிக்கினா ஹூக் உடையக்கூடாதுன்னு தானே கழண்டுக்கும், பட்டனை அழுத்திக்கிட்டு சக்கரத்தைப் பின்னாடி சுத்தினா மறுபடி கவ்விக்கும். அந்தக் காலத்து ஆளுங்க மெஷினைக் காப்பாத்த இவ்வளவு யோசிச்சிருக்காங்க. இப்ப பார்ட்ஸ் விக்கிறவன் ஒரு ஸ்க்ரூவை அளந்து பார்க்க யோசிக்க மாட்டேங்கிறான்.

இப்ப கேளுங்க கதையை. ஆர்டர் போடும்போதே எழுதினேன், விரிவா எழுதினேன், 11/64 அங்குலம், அங்குலத்துக்கு 40 மரை, நீளம் இவ்வளவு, தலை அமுங்கி உட்காரணும்னு. போட்டோ அனுப்பினேன், பக்கத்துல ஸ்கேல் வச்சு. பதில் என்ன வந்துச்சு? "சிங்கர் ஸ்க்ரூ தானே சார், எல்லாம் ஒன்னுதான்." அப்பவே நான் விட்டிருக்கணும்.

முதல் பொட்டலம் வந்துச்சு. பிரிச்சேன். வீட்டு மெஷின்ல பாதத்தை மாட்டுற ஸ்க்ரூ. 9/64. ஓட்டைல வச்சேன், திருப்பவே வேண்டாம், நேரா உள்ள விழுந்துருச்சு, கிணத்துல கல்லு போட்ட மாதிரி. அதை வெளிய எடுக்க காந்தம் தேடினது தனிக் கதை. போன் போட்டேன். "அப்படியா சார், மாத்தி அனுப்புறேன் சார்." குரல்ல ஒரு வருத்தம் கிடையாது.

ரெண்டாவது பொட்டலம். பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கு, தலை, நீளம், பளபளப்பு எல்லாம். மனசு குளிர்ந்துருச்சு. விரலாலயே வச்சுத் திருப்புறேன், ஒரு சுத்து போகுது, ரெண்டாவது சுத்து போகுது, ஆனா ஆடுது, பல்லு விழப்போற மாதிரி ஆடுது. மூணாவது சுத்துல கப்புன்னு நின்னுருச்சு. அங்கயே கையை எடுத்துட்டேன். வெர்னியர் வச்சுப் பார்த்தா 4 எம்எம். மரை கேஜ் வச்சுப் பார்த்தா 0.7. அதாவது கடைல எங்க போனாலும் கிடைக்கிற எம்4 ஸ்க்ரூ. நான் கேட்டது 4.37 எம்எம் தடிமன், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 0.635 எம்எம். ஒல்லியா இருக்கிறதால ரெண்டு சுத்து போற மாதிரி ஏமாத்தும், மரை ஒவ்வொன்னும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளித் தள்ளி மூணாவதுல மோதிக்கும். அதுக்கு மேல திருப்பினா எது தோக்கும்? கெட்டியான ஸ்க்ரூ தோக்காது. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு தோக்கும்.

மறுபடி போன். இதெல்லாம் சொன்னேன். பொறுமையா, சின்னப் புள்ளைக்கு சொல்ற மாதிரி, 0.7க்கும் 0.635க்கும் என்ன வித்தியாசம்னு சொன்னேன். "ஓகே சார், ஒரிஜினலே அனுப்புறேன் சார்"ன்னான். அப்ப இத்தனை நாளா அனுப்பினது என்னடா?

இன்னிக்கு மூணாவது பொட்டலம். மேல ஸ்டிக்கர் ஒட்டி 'ஒரிஜினல்'னு அச்சடிச்சிருக்கு. உள்ள அதே எம்4. அதே! ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசு. போன் போட்டா, அப்பதான் அந்தத் திருவாசகம்: எண்ணெய் விட்டு டைட்டா திருப்புங்க, போயிரும். "எத்தனை பேர் வாங்கிட்டுப் போறாங்க, யாரும் ஒன்னும் சொல்லல சார், நீங்கதான்..." அப்படின்னு வேற. அதாவது எத்தனை பேர் டைட்டா திருப்பி மரையைக் கிழிச்சுட்டு, மெஷின் பழசு, அதான் போயிருச்சுன்னு மெஷின் மேல பழியைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்களோ. அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

இந்த மரை அளவு ஒன்னும் ரகசியம் இல்லீங்க. 9/64க்கு 40, 11/64க்கு 40, 3/16க்கு 28, 15/64க்கு 28. சிங்கர் தனக்குன்னு வச்ச அளவு, சாதாரண நட்டு போல்ட்டுக் கடைல கிடைக்காது. ஆனா தையல் மெஷின் உலகத்துல இதுதான் பாஷை. பின்னாடி வந்த ஜப்பான்காரன் ஜூகி மெஷின் பார்ட்ஸ் புத்தகத்தைத் திறந்தாலும் இதே அளவுதான் வரிசையா இருக்கும். தையல் மெஷின் பார்ட்ஸ் விக்கிறேன்னு போர்டு வச்சவனுக்கு இது தெரியலைன்னா, அரிசி விக்கிறவன் நெல்லுன்னா என்னன்னு கேட்ட மாதிரி இல்லையா?

எல்லாத்துக்கும் காரணம் 'பொருந்தும்'ங்கிற ஒரு வார்த்தை. எந்த மெஷின்னு கேக்காமலே பொருந்தும்னு சொல்றான். செருப்பு தைக்கிற சிங்கர் 29கேன்னு சொன்னாப் போதும், 29கே51ஆ 71ஆ, சின்ன பாபினா பெரிய பாபினா, கை நீளம் எவ்வளவு, ஒன்னும் கேக்க மாட்டான், கீழ் நூல் பாபினைச் சுமக்கிற ஷட்டில் பொருந்தும் சார்! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுன்னு சொல்வாங்களே, அதை ஒரு தொழிலாவே நடத்துறாங்க. போன தடவை அந்த செருப்பு மெஷினுக்கு, அதான் பாதத்தை எந்தப் பக்கமும் சுத்திக்கலாமே அதுக்கு, கைக்குள்ள ஷட்டிலுக்குக் கீழ இருக்கிற சின்னப் பல்சக்கரம் தேய்ஞ்சு போச்சுன்னு ஒன்னு வாங்கிப் போட்டேன். நீளமான பல்தண்டு முன்னும் பின்னும் போய் அந்தச் சக்கரத்தை ஆட்டும், சக்கரம் ஷட்டிலை ஆட்டும், அதுல பல்லு தேய்ஞ்சு ஆட்டம் வந்தா ஷட்டில் லேட்டா வரும், தையல் விடும். புதுசு போட்டதும் அருமையா ஓடுச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நாள்தான். கழட்டிப் பார்த்தா புதுப் பல்லு பழைய பல்லை விட மோசமாத் தேய்ஞ்சிருக்கு. கெட்டிப்படுத்தாத வெறும் இரும்பு. பழசு அத்தனை வருஷம் உழைச்சுத் தேய்ஞ்சது, இது பிறந்த உடனே தேய்ஞ்சது.

ஊசி பத்தி ஆரம்பிச்சா விடிஞ்சிரும். 135×16ங்கிற ரகம் கேட்டேன், தோல் வெட்டுற முனை. வந்தது டிபி×1ங்கிற வேற ரகம். அதோட தண்டு ஒல்லி, நீளமும் கம்மி, என் மெஷின்ல மாட்டினா லொடலொடன்னு நிக்கும், ஹூக் வந்து பார்க்கும்போது ஊசிக் கண்ணு அங்க இருக்கவே இருக்காது. ஊசி அடிமட்டத்துக்குப் போய் சுமார் 2.4 எம்எம் மேல ஏறும்போது ஹூக் முனை கண்ணுக்குக் கொஞ்சம் மேல நூல் வளையத்தைக் கவ்வணும், தையல்ங்கிறதே அந்த ஒரு நொடிதான். அதுல அரை எம்எம் தப்பினாலே தையல் விடும். இவன் ஊசியே வேற அனுப்பிட்டு, "டைமிங் செட் பண்ணிக்கோங்க சார்"ங்கிறான். ஊசி தப்புன்னா ஊசியை மாத்தணுமா, இல்ல ஊசிக்காக மெஷினை மாத்தணுமா?

அப்புறம் இந்த பெயிண்ட் அடிக்கிற கூட்டம். பழைய மெஷினை வாங்கி, கழட்டாம, துடைக்காம, அப்படியே மேல கருப்பு பெயிண்டை அப்பி, 'புதுப்பிச்சது'ன்னு விக்கிறது. எண்ணெய் ஓட்டை எல்லாம் பெயிண்ட்ல அடைஞ்சு கிடக்கும், ஊசி வச்சுக் குத்திக் குத்தித் திறக்கணும். அதைக் கூட மன்னிச்சிருவேன். மாடல் நம்பர் தகட்டைப் பிடுங்கித் தூர எறிவாங்க பாருங்க, அதை மட்டும் மன்னிக்கவே மாட்டேன். அந்தச் சின்னத் தகடுதான்யா மெஷினோட பிறப்புச் சான்றிதழ். நம்பருக்கு நடுவுல கேன்னு இருந்தா ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க்ல கில்போவி ஃபேக்டரி, டபிள்யூன்னு இருந்தா அமெரிக்காவுல பிரிட்ஜ்போர்ட். ஒரு எழுத்து, அது போச்சுன்னா என்ன பார்ட் தேடுறதுன்னே தெரியாம குருடன் மாதிரி தடவணும். கிளைட்பேங்க் ஃபேக்டரியை 1980லயே மூடிட்டாங்க, இன்னிக்கு அங்க சிங்கர்ங்கிற பேர்ல ஒரு ரயில் நிலையம் நிக்குது. இனிமே அங்கிருந்து புதுசா ஒரு 29கே வரப்போறதில்ல. கையில இருக்கிறதுதான் இருக்கிறது. அந்த நினைப்பே இல்லாம அதைப் பிடுங்கி எறியிறாங்க.

வீட்டுல துணி தைக்கிற கருப்பு மெஷினை 'லெதர் மெஷின், ஹெவி டியூட்டி'ன்னு விக்கிறவங்களைப் பத்தி நான் இன்னிக்குப் பேசல. பேசினா ரத்தக் கொதிப்பு வந்துரும். வாங்கி ஏமாந்தவங்க நெறைய பேரு, அவங்களே திட்டட்டும்.

சரி ஸ்க்ரூவுக்கு வர்றேன். கடைசில லேத் பட்டறைல ஒரு பெரியவர்கிட்ட உடைஞ்ச ஸ்க்ரூவை எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன். கையில வாங்கி, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு முதல் கேள்வி கேட்டாரு: "இஞ்ச் மரைதானே தம்பி, ஒரு இஞ்சுக்கு எத்தனை?" எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, சத்தியமா சொல்றேன். மூணு பொட்டலம், எத்தனையோ போன், ஒருத்தன் கேக்காத கேள்வி அது. "நாப்பது ஐயா"ன்னேன். தலையை ஆட்டிட்டு ரெண்டு நாள் கழிச்சு வரச் சொன்னாரு. தலை எவ்வளவு ஆழம் அமுங்கணும், எந்த மாதிரி சாய்வுன்னு அதையும் அளந்து எழுதிட்டு வரச் சொன்னாரு, ஏன்னா நான் கொண்டு போனதுல பாதித் தலை இல்லையே.

அதை எடுக்கத்தான் இப்ப வந்து பழைய பார்ட்ஸ் புத்தகத்தோட ஸ்கேன் காப்பியைத் திறந்தேன். எல்லாப் பக்கமும் கண்ணாடி மாதிரி இருக்கு. ஊசித் தட்டு வர்ற பக்கம் மட்டும், அந்த ஒரே பக்கம் மட்டும், ஸ்கேன் பண்ணும்போது மூலை மடிஞ்சிருக்கு. மடிஞ்ச மூலைக்குக் கீழதான் நான் தேடுற ஸ்க்ரூ நம்பர். எவ்வளவு பெருசாக்கிப் பார்த்தாலும் மடிப்புதான் பெருசாகுது. திட்டுறதுக்கு வாயைத் திறந்தேன், திட்டு வரல, சிரிப்புதான் வந்துச்சு, தனியா உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிச்சேன், எழுந்து வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க வீட்டுல.

யார்கிட்டயாச்சும் 111டபிள்யூ155 பார்ட்ஸ் புத்தகம் மூலை மடியாம இருந்தா அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க. ரெண்டு நாள்ல பெரியவர் லேத்தை ஓட்டிருவாரு, அதுக்குள்ள வேணும்.